ஹாலே: பெர்லினிலிருந்து ஒரு பகல் பயணம்

திங்கட்கிழமை போகாதீர்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் வார விடுமுறை. ஹாலேயில் நீங்கள் பார்க்கப் போகும் இரண்டு முக்கியமான இடங்களும் அன்று பூட்டியிருக்கும். விடியற்காலையில் எழுந்து, குழந்தைகளைக் கிளப்பி, ரயிலேறி வந்து, கதவில் ஒட்டியிருக்கும் நேர அட்டையைப் படித்துவிட்டுத் திரும்புவதற்கு ஒரு நாளைச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் பயணம் என்றால் நம்மில் பலர் செய்வது இதுதான்: முதலில் செயலியைத் திறந்து மலிவான ரயிலைப் பார்ப்போம், டிக்கெட்டை எடுத்துவிடுவோம், அதன் பிறகே அந்த ஊரில் என்ன இருக்கிறது, எப்போது திறப்பார்கள் என்று தேடுவோம். இது தலைகீழ் வழி. ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகம் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் திறக்கும், ஒரு முறைதான் மூடும். ஆகவே முதலில் மூடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்தால், எந்த ரயிலில் ஏறவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கிழமை வாரியாகச் சொன்னால்: செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி நல்ல நாட்கள். புதன்கிழமையும் மோசமில்லை, மோரிட்ஸ்பர்க் கோட்டையில் இருக்கும் கலை அருங்காட்சியகம் மட்டும் அன்று விடுமுறை. ஞாயிறன்று கடைகள் எல்லாம் மூடியிருக்கும், சந்தைச் சதுக்கத் தேவாலயத்தில் காலை வழிபாடு நடக்கும், உள்ளே சுற்றிப்பார்க்கப் பிற்பகல்வரை காத்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை, திங்கள்தான் விடுப்பு கிடைத்தது என்பவர்கள் மோரிட்ஸ்பர்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் தெருக்களில் நடந்துவிட்டு வரலாம். அது திங்களன்று திறந்திருக்கும். ஆனால் அதற்காக ஹாலேக்குப் போகவேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

ஏன் இந்த ஊர்?

ஜெர்மனியின் பழைய ஊர் என்றதும் சுற்றுலா நிறுவனங்கள் கொடுக்கும் பட்டியலில் ஹைடல்பெர்க் இருக்கும், ரோத்தன்பர்க் இருக்கும். ஹாலே பெரும்பாலும் இருக்காது. இது பொம்மை வீடுகள் அடுக்கிய ஊரும் அல்ல. சுமார் 2.4 லட்சம் பேர் வாழும், பல்கலைக்கழகமும் டிராமும் போக்குவரத்து நெரிசலும் கொண்ட நகரம். இரண்டாம் உலகப் போரில் மற்ற பெரிய ஜெர்மன் நகரங்கள் அளவுக்கு இது சிதையவில்லை; அதனால் பழைய தெருக்கள் பழைய தெருக்களாகவே நிற்கின்றன. உப்பால் செழித்த ஊர். சாலே ஆற்றங்கரையில் உப்புநீர் ஊற்றுகள் இருந்தன, அவற்றைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள், அந்தக் காசில்தான் கோபுரங்கள் எழுந்தன.

தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய மதபோதகர் பர்த்தலோமேயு சீகன்பால்க் இந்த ஊரில் படித்தவர். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். ஆனால் பின்னாலிருந்து ஆளும் பணமும் புத்தகமும் அனுப்பி அந்தத் திருப்பணியைத் தாங்கிப் பிடித்தது ஹாலேயில் இருந்த ஓர் அனாதை இல்லம். அந்த இல்லம் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கவே பாதி நாளை ஒதுக்கச் சொல்கிறேன்.

டிக்கெட்

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். ஹாலே என்று ஜெர்மனியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது "ஹாலே (சாலே)", அதாவது சாலே ஆற்றங்கரை ஹாலே. வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொரு ஹாலே இருக்கிறது, டென்னிஸ் போட்டிக்குப் பெயர்போனது. அது நாட்டின் மறுகோடியில். பெல்ஜியத்திலும் ஒன்று உண்டு. செயலியில் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் வருகிற பட்டியலில் அவசரமாகக் கை வைக்கக்கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டிலும் இதே சிக்கல்: மைன் ஆற்றங்கரையில் ஒன்று, ஓடர் ஆற்றங்கரையில் ஒன்று.

பெர்லினிலிருந்து ஹாலேக்கு இரண்டு விதமாகப் போகலாம். ஐசிஇ எனப்படும் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அல்லது மண்டல ரயில்களில் விட்டன்பெர்க் போன்ற ஊரில் மாறி மாறிப் போகலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஐசிஇ கட்டணத்தில் மூன்று தட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மிக மலிவானது "சூப்பர் ஷ்பார்பிரைஸ்": குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும், ரத்து செய்தால் பணம் திரும்பாது. அடுத்தது "ஷ்பார்பிரைஸ்": இதுவும் குறிப்பிட்ட ரயிலுக்குத்தான், ஆனால் பயண நாளுக்கு முன்பே ரத்து செய்தால் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மூன்றாவது "ஃப்ளெக்ஸ்பிரைஸ்": அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம், விலை பல மடங்கு. மலிவு டிக்கெட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, முன்கூட்டி எடுப்பவர்களுக்கே கிடைக்கும். என் யோசனை: போவதற்கு மலிவு டிக்கெட் எடுங்கள், காலை ரயில் எதுவென்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும். திரும்புவதற்கும் மலிவு டிக்கெட்தான் என்றால், மாலையில் நிதானமாக ஒரு மணி நேரம் தள்ளியே போடுங்கள். அருங்காட்சியகத்தின் கடைசி அறையில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது போன்ற கொடுமை கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் ஜெர்மன் ரயில்வே தாராளம்தான். 6 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். 6 முதல் 14 வயது வரை, உடன் பெரியவர் இருந்தால் ஐசிஇ-யில் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு செய்யும்போதே குழந்தையையும் டிக்கெட்டில் சேர்த்துவிட வேண்டும். "இலவசம்தானே, எதற்குச் சேர்க்கவேண்டும்" என்று விட்டுவிட்டால் பரிசோதகர் வரும்போது வாதம் செய்ய நேரிடும். இருக்கை முன்பதிவு தனிக் கணக்கு. டிக்கெட் எடுத்தால் பயணம் உறுதி, உட்கார இடம் உறுதியில்லை. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் தவிர்த்த நாட்களில், தனியாளுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியிலேயே வசிப்பவர்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய இந்த மாதச் சந்தா 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுவதும் மண்டல ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ-யில் செல்லாது. இதை வைத்துக்கொண்டு ஐசிஇ-யில் ஏறி "தெரியாது" என்று சொல்வது பரிசோதகர்களுக்குப் பழகிப்போன கதை, அபராதம் நிச்சயம். சந்தா வைத்திருப்பவர்களுக்குச் சிக்கனமான வழி: காலையில் மலிவு ஐசிஇ, மாலையில் சந்தாவில் மண்டல ரயில். காலையில் நேரம் முக்கியம், மாலையில் அவ்வளவு இல்லை. ஊர் சுற்ற வந்திருக்கும் விருந்தினர் ஒரு நாளுக்காக இந்தச் சந்தாவை எடுக்கவேண்டாம்.

லைப்சிக்கில் தங்கியிருப்பவர்களுக்கு இந்தக் கவலைகளே இல்லை. அங்கிருந்து எஸ்-பான் ரயில் அரை மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். நகரத்துக்கு அடியில் 2013 டிசம்பரில் திறந்த சுரங்கப்பாதை நிலையங்களிலேயே ஏறிக்கொள்ளலாம்.

நிலையத்தில்

பெர்லின் மத்திய நிலையம் அடுக்குமாடி நிலையம். ஹாலே பக்கம் போகும் தெற்கத்தி ரயில்கள் பூமிக்கு அடியில் உள்ள தளத்திலிருந்து புறப்படும். 1 முதல் 8 வரை எண்ணுள்ள நடைமேடைகள். நகர ரயிலில் வந்து இறங்கும் மேல்தளத்திலிருந்து அங்கே போகப் பல நகரும் படிகள் இறங்கவேண்டும். லிஃப்டுக்குக் கூட்டம் இருக்கும். புறப்படும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பாவது நிலையத்துக்குள் இருங்கள். தெற்குப் பெர்லினில் தங்கியிருந்தால் ஸூட்க்ரோய்ட்ஸ் நிலையத்தில் ஏறுவது இன்னும் எளிது, பெரும்பாலான ஐசிஇ அங்கேயும் நிற்கும்.

நடைமேடை எண்ணுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்குக் கீழே வந்து நிற்கும் என்று மின்பலகையில் ஒரு ரயில் படமே போட்டிருப்பார்கள். அங்கே போய் நில்லுங்கள். தப்பான முனையில் நின்றுவிட்டு, ரயில் வந்தபிறகு பெட்டியும் கையுமாக ஓடுவதற்கு நேரம் தரமாட்டார்கள். கடைசி நிமிடத்தில் நடைமேடை மாறுவதும் சகஜம். ஒலிபெருக்கியில் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னதும் கூட்டம் மொத்தமாக நகர்ந்தால், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களும் நகருங்கள்.

நுழைவாயிலில் தடுப்போ சோதனையோ கிடையாது. நேரே ரயிலுக்குப் போகலாம். ரயிலுக்குள்தான் பரிசோதனை. செல்பேசியில் எடுத்த டிக்கெட்டில் பெயர் இருக்கும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ கையில் இருக்கவேண்டும். செல்பேசியின் மின்கலம் தீர்ந்தால் டிக்கெட்டும் தீர்ந்தது.

பயணத்தில் பார்க்க ஒன்றுதான். விட்டன்பெர்க்கைத் தாண்டியதும் ரயில் எல்பே ஆற்றைக் கடக்கும். அப்போது வலப்பக்க ஜன்னலில், சற்றே பின்னால், ஒரு தேவாலயக் கோபுரம் தெரியும். 1517-இல் மார்ட்டின் லூதர் தன் 95 வாதங்களோடு மல்லுக்கு நின்ற கோட்டைத் தேவாலயம் அது. "வழியில்தானே இருக்கிறது, அங்கேயும் இறங்கிவிட்டுப் போகலாமே" என்று தோன்றும். வேண்டாம். இரண்டு ஊரை ஒரே நாளில் பார்ப்பவர்கள் இரண்டு ரயில் நிலையங்களைத்தான் நன்றாகப் பார்க்கிறார்கள்.

முதலில் ஃபிராங்கே

ஹாலே நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் முகம் சுளிப்பீர்கள். ரீபெக் சதுக்கம் என்ற பெரிய போக்குவரத்து வட்டம், மேலும் கீழுமாகச் சாலைகள். பழைய ஊர் எங்கே என்று தேடவேண்டாம். டிராம் பிடித்து "ஃபிராங்கேபிளாட்ஸ்" நிறுத்தத்தில் இறங்குங்கள். நடந்தால் கால் மணி நேரம். இறங்கிய இடத்திலும் தலைக்கு மேலே ஒரு மேம்பாலம் ஓடும். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில், பழைய கட்டடங்களின் மூக்கை உரசிக்கொண்டு கட்டியது. அதன் இரைச்சலைத் தாண்டி அனாதை இல்ல வளாகத்துக்குள் நுழைந்துவிட்டால் வேறு உலகம்.

ஔகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஒரு பாதிரியார். 1695-இல் அவருடைய உண்டியலில் யாரோ போட்ட 4 தாலர் 16 குரோஷன் காசில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். 1698-இல் அனாதை இல்லத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அதன் பிறகு அது ஓர் ஊராகவே வளர்ந்தது: பள்ளிகள், மருந்துச்சாலை, அச்சுக்கூடம், புத்தகக்கடை, நூலகம். மருந்தும் புத்தகமும் விற்ற லாபத்தில் பள்ளிகள் நடந்தன. முகப்புக் கட்டடத்தின் உச்சியைப் பாருங்கள், சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள் இருக்கும். உள்முற்றத்தின் இருபுறமும் மரச்சட்ட வீடுகள் நீளமாகப் போகின்றன. அவற்றில் ஒன்று ஆறு மாடி உயரத்தில் நூறு மீட்டருக்கும் மேலே நீண்டு நிற்கும், ஐரோப்பாவின் மிக நீளமான மரச்சட்டக் குடியிருப்புகளில் ஒன்று. முற்றத்தின் மறுமுனையில் குழந்தைகளோடு நிற்கும் ஃபிராங்கேயின் வெண்கலச் சிலை 1829-இல் கிறிஸ்டியான் டானியல் ரவுஹ் செய்தது. 1946-இல் இந்த நிறுவனத்தைச் சோவியத் பகுதி நிர்வாகம் கலைத்துவிட்டது. கட்டடங்கள் பாழாகி, இடிந்துவிழும் நிலைக்குப் போய், ஜெர்மனி ஒன்றான பிறகே மீட்கப்பட்டன. இன்றும் இங்கே பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன, பையைச் சுமந்த பிள்ளைகள் உங்களை இடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

பத்து மணிக்குத் திறப்பார்கள். டிக்கெட் வாங்கியதும் நேரே மேல்மாடிக்குப் போங்கள், கீழிருந்து ஆரம்பிக்கவேண்டாம். கூரைக்குக் கீழே, மரத்தரை முனகும் ஒரு நீண்ட கூடத்தில் "அதிசயங்களின் அறை" இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவதற்காகச் சேர்த்த பொருட்கள் இவை. 1730-களின் இறுதியில் கிரண்ட்லர் என்ற ஓவியர் அவற்றை வகைப்படுத்தி, அலமாரிகளையும் செய்து, ஒவ்வொரு அலமாரியின் நெற்றியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படமாக வரைந்தார். சங்கு சிப்பி அலமாரியின் மேலே சங்குகளே பூவேலைப்பாடாக எழும். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். நடுவில், கோள்கள் சுழலும் விதத்தைக் காட்டும் ஆளுயர மாதிரிகள் நிற்கும்.

இந்தியாவிலிருந்து வந்த பொருட்களும் இங்கே உண்டு. தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்து வந்தவை. எழுதிய ஓலையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது, அதைச் சுற்றியிருக்கும் ஜெர்மன் குடும்பங்கள் அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடும். நமக்கு நகர மனம் வராது. அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

உறவு இருவழியில் ஓடியது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் அச்சுக்கு வார்த்து, 1713-இல் தரங்கம்பாடிக்குக் கொண்டுசேர்த்தார்கள். அவை அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகப் பிடித்தது; பிறகு பொறையாறிலேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இடையில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்கு வந்தபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் வந்தார். சீகன்பால்க் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இதே ஊரில் அச்சேறியது. ஃபிராங்கேயின் பெயரை எல்லா வழிகாட்டி நூல்களும் எழுதுகின்றன. மலையப்பன் இந்த முற்றத்துக்கு வந்தவர் என்பதை நாமாவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ், தெலுங்கு ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடிக் கடிதங்களும் இங்குள்ள ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவை காட்சிக்கு அல்ல, ஆய்வுக்கு. வாசலில் வந்து "நான் தமிழ், சுவடியைக் காட்டுங்கள்" என்றால் காட்டமாட்டார்கள். உண்மையான ஆய்வுத் தேவை இருப்பவர்கள் சில வாரங்கள் முன்பே மின்னஞ்சல் எழுதி, என்ன பார்க்கவேண்டும் என்பதைச் சுவடி எண்ணோடு குறிப்பிட்டு, நேரம் வாங்கிக்கொண்டு வரலாம். அப்படி வருகிறவர்களுக்கு ஒரு நாள் போதாது. இந்த அத்தியாயம் அவர்களுக்கானது அல்ல.

மற்றவர்கள் அதற்குப் பதிலாக 1728-இல் கட்டிய நூலகத்தைப் பாருங்கள். நாடக மேடையின் பக்கத் திரைகள் போல அலமாரிகள் இருபுறமும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், தரையிலிருந்து கூரைவரை தோல் அட்டை நூல்கள். உள்ளே ஐந்து நிமிடம் போதும். கடைசியாக முகப்புக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏறினால், அடுத்து நீங்கள் போகவேண்டிய கோபுரங்கள் தெரியும்.

சந்தைச் சதுக்கம்

பன்னிரண்டரைக்குள் அங்கிருந்து கிளம்பி ரன்னிஷே தெரு வழியாக நடங்கள். பழைய சந்தையில் ஒரு சிறுவனும் கழுதையும் நிற்கும் நீரூற்று இருக்கும். மன்னர் வருகிறார் என்று வழியெல்லாம் ரோஜாப்பூ தூவி ஊரே காத்திருந்தபோது, மாவு ஆலைப் பையன் ஒருவன் கழுதையோடு வந்து பூவின் மேல் நடந்து போய்விட்டானாம். ஊர்க்காரர்கள் மன்னரை விட்டுவிட்டுக் கழுதைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நல்ல ஊர்.

அடுத்த பத்து நிமிடத்தில் சந்தைச் சதுக்கம். ஐந்து கோபுரங்களை ஒருசேரப் பார்க்கலாம். நான்கு, தேவாலயத்தைச் சேர்ந்தவை. ஐந்தாவது தனியாக நிற்கும் செங்கோபுரம்: 84 மீட்டர் உயரம், உள்ளே 76 மணிகள் கொண்ட இசைமணித் தொகுதி, கால் மணிக்கு ஒருமுறை ஒலிக்கும். தேவாலயத்துக்கு எப்படி நான்கு கோபுரம் வந்தது என்பதில் ஒரு கதை இருக்கிறது. இங்கே முன்பு அடுத்தடுத்து இரண்டு தேவாலயங்கள் நின்றன. 1529 முதல் அவற்றின் உடலை இடித்துவிட்டு, கோபுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். கட்டவைத்தவர் கார்டினல் ஆல்பிரெக்ட். லூதருக்குக் கோபம் மூட்டிய பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்குப் பின்னால் இருந்தவர். லூதரைத் தடுக்க எழுப்பிய தேவாலயத்தில் கடைசியில் லூதரே வந்து பிரசங்கம் செய்தார். 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபனில் அவர் இறந்தபின், விட்டன்பெர்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் உடலை ஓர் இரவு இங்கேதான் வைத்திருந்தார்கள். முகத்திலிருந்தும் கைகளிலிருந்தும் எடுத்த அச்சு இன்றும் இங்கே ஓர் அறையில் இருக்கிறது; சிறு கட்டணம் உண்டு. கைகளைப் பாருங்கள், முகத்தைவிட அவைதான் நிஜம்.

இசையமைப்பாளர் ஹெண்டல் 1685-இல் இந்த ஊரில் பிறந்து, இதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அன்றைய தொட்டி இன்றும் இருக்கிறது. சதுக்கத்தில் அவர் சிலை, ஐந்து நிமிட நடையில் அவர் பிறந்த வீடு. மேற்கத்திய இசையில் ஈடுபாடு உள்ளவர்கள் பிற்பகலை அங்கே கழிக்கலாம். மற்றவர்கள் சிலையோடு நிறுத்திக்கொண்டு சாப்பிடப் போகலாம்.

தாமதிக்காமல் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் "வெகெடாரிஷ்" என்று கேளுங்கள், பெரும்பாலும் ஏதாவது இருக்கும். உருளைக்கிழங்கு சூப்பைப் பார்த்து ஏமாறவேண்டாம். அதில் "ஷ்பெக்" என்னும் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைப் போடுவது வழக்கம், துண்டு இல்லாவிட்டாலும் குழம்பு இறைச்சிச் சாறாக இருக்கலாம். குழந்தைகளுக்குச் சீஸ் ரொட்டியும் ஃபலாஃபெலும் எங்கும் கிடைக்கும். ஹாலோரன் என்ற உள்ளூர் மிட்டாய்க்காரர்கள் 1804 முதல் சாக்லேட் செய்கிறார்கள். அவர்களுடைய உருண்டை, உப்புக் காய்ச்சும் தொழிலாளர்களின் சட்டையில் இருந்த வெள்ளிப் பொத்தானின் வடிவம். வாங்கும்முன் பெட்டியைப் படியுங்கள், சில வகைகளில் மது கலந்திருக்கும்.

வட்டத்தகடு

பிற்பகல் இரண்டரைக்குச் சந்தைச் சதுக்கத்திலிருந்து டிராமில் "லாண்டெஸ்மூஸியம்" நிறுத்தத்துக்குப் போங்கள். தொல்பொருள் அருங்காட்சியகம். பெரிய இடம், முழுதும் பார்க்க நினைத்தால் மாலை ரயில் போய்விடும். நெப்ரா வட்டத்தகட்டைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்துக்கு மற்றதைப் பாருங்கள்.

சுமார் 32 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கலத் தகடு, மேலே தங்கத்தில் சூரியன் அல்லது முழுநிலா, பிறை, நட்சத்திரங்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்பு மண்ணில் புதைத்தது. இருட்டறையில், பச்சை பூத்த வானத்தில் தங்கப்பொட்டுகள் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பிறைக்கும் முழுவட்டுக்கும் இடையே ஏழு பொட்டுகள் நெருக்கமாக இருப்பதைத் தேடுங்கள். அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1999-இல் அனுமதியில்லாமல் உலோகங்காட்டியோடு அலைந்த இருவர் தோண்டியெடுத்து, ரகசியமாக விற்று, அது கைமாறி, கடைசியில் 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் விரித்த வலையில் சிக்கியது. வாங்குபவராகப் போனவர் இதே மாநிலத்தின் தொல்லியல் தலைவர். தகடு சில சமயம் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவல் போகும். கிளம்பும்முன் அருங்காட்சியக வலைத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புகையில்

கடைசி ரயிலை நம்பித் திட்டமிடாதீர்கள். அதற்கு முந்தைய ரயிலாவது உங்கள் கணக்கில் இருக்கட்டும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், டிசம்பரில் சந்தைச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் கடைகள் போடுவதால் அந்த இருட்டும் வீணாகாது. கோடையில் இரவு ஒன்பதுவரை வெளிச்சம். ஆற்றங்கரையில் நடந்துவிட்டுத் தாமதமாகவே கிளம்பலாம். பழைய ஊர் முழுக்கக் கல் பாவிய தெருக்கள், சக்கரப்பெட்டியும் குழந்தை வண்டியும் படாதபாடு படும். சுமையை நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வாருங்கள். நிலையக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கசக்கி எறியவேண்டாம், பெரும்பாலானவற்றில் 25 காசு வைப்புத்தொகை சேர்ந்திருக்கும்; கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும்.

ரயில் தாமதமாகும். இதை ஒரு சாத்தியமாக அல்ல, திட்டத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரும் ஊருக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், மலிவு டிக்கெட்டின் "குறிப்பிட்ட ரயில் மட்டும்" என்ற நிபந்தனை தளர்ந்துவிடும். வேறு ரயிலில் ஏறலாம். செயலியில் தாமதம் காட்டும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் பரிசோதகரிடம் பேச்சு குறையும். ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திருப்பித் தருவார்கள். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், செயலியிலேயே செய்யலாம். நான்கு யூரோவுக்குக் குறைவான தொகையைத் தரமாட்டார்கள் என்பதால், டிக்கெட்டை மிக மலிவாக வாங்கியவர்கள் இதில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.